மார்சேய்க்கு எந்த மாதம் வரலாம்?

லியோனில் குடியிருப்பதால் ஊரிலிருந்து வரும் வாட்ஸப் கேள்விகளில் பாதி, பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் மார்சேயைப் பற்றியதாக இருக்கிறது. "பாரிஸ் பார்த்துட்டு அப்படியே கடல் பக்கமும் ரெண்டு நாள் போகலாம்னு இருக்கோம், எந்த மாசம் நல்லா இருக்கும்?" ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் என்பதால் என்னை அந்த ஊர்க்காரனாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பவர்கள் இணையத்தில் தேடிப் பார்க்காமல் கேட்பதில்லை. தேடினால் கிடைப்பதும் எங்கு போனாலும் ஒரே பதில்தான்: மே, ஜூன், செப்டம்பர், மிஞ்சினால் அக்டோபர் முதல் பாதி. ஜூலையும் ஆகஸ்டும் கூட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊரே இல்லாததுபோல் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பதிலில் இதுதான் பிசகு என்று கைவைத்துக் காட்ட முடியாது. வெப்பநிலை, மழை, ஓட்டல் வாடகை எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் அதை அப்படியே நம் ஆட்களுக்கு அனுப்ப எனக்குக் கை வருவதில்லை.

காரணம் இதுதான். அந்தப் பட்டியல்கள் ஹாம்பர்க்கிலும் மான்செஸ்டரிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கே விளக்கைப் போட்டு, வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் இருக்கும் ஆட்கள் அவர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 மணி நேரம் வெயில் அடிக்கும் மார்சேய் அவர்களுக்கு விற்பதே வெயிலைத்தான். அதனால் எந்த மாதத்தில் எத்தனை டிகிரி, கடலில் எப்போது இறங்கலாம் என்பதிலிருந்துதான் அவர்கள் கணக்கு தொடங்கும். திருச்சியிலிருந்து வரும் ஒருவர் எதற்காக அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டும்? விமானச் சீட்டுக்கு அவ்வளவு காசு கொடுத்து, விசாவுக்கு வங்கிக் கணக்கையெல்லாம் நீட்டி, வெயில் வாங்கவா வருகிறார்?

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தது ஒரு ஜூலையில். பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூட இருக்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் வீடு எடுத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் பெரியப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஃபேன் எங்கடா?" என்பதுதான் மார்சேயைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. வெளியே 31 டிகிரி. திருச்சிக்காரருக்கு அது ஒரு வெயிலே இல்லை. ஆனால் சீலிங் ஃபேன் இல்லாத வீட்டில் 31 டிகிரி என்பது வேறு விஷயம். மரப்பலகை ஜன்னல்களைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடப்பதுதான் அங்கே வழக்கம். சூரியன் அடங்க இரவு ஒன்பதேகால் ஆகும். வீட்டில் சித்திரை மாதத்தில் எப்படி இருப்பார்களோ அப்படியேதான் அவர்கள் பிரான்சிலும் இருந்தார்கள். மாலை ஆறரைக்கு மேல் வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பின் அவர் யாரிடமோ போனில், "கடல் நல்லா நீலமா இருந்தது, மத்தபடி நம்ம ஊர்தான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பூட்டிய மலை

கோடையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பட்டியல்களில் இது ஒரு வரி அடிக்குறிப்பாகத்தான் வரும். மார்சேய்க்குப் போகிறவர்களில் பலர் பார்க்க ஆசைப்படுவது கலாங்க்: நகரத்தின் தெற்கு விளிம்பிலிருந்து கஸ்ஸி என்ற கடலோரச் சிற்றூர் வரை, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் விரல் விரலாக உள்ளே நுழையும் இடங்கள். 2012-லிருந்து தேசியப் பூங்கா. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து உள்ளே போகலாமா கூடாதா என்பதை அரசு அன்றாடம் முடிவு செய்கிறது. மறுநாள் நிலவரம் முந்தின நாள் மாலைதான் தெரியும். காய்ந்த பைன் காடு, பலத்த காற்று இரண்டும் சேர்ந்துவிட்டால் மூடிவிடுவார்கள். மலையடிவாரம் வரை பேருந்தில் போய், தடுப்புக் கட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களைக் கோடையில் சாதாரணமாகப் பார்க்கலாம். சுஜிதோன் என்ற கலாங்க்குக்கு மட்டும் 2022-லிருந்து கோடையில் முன்பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு 400 பேர்தான். அதற்கு முன் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை போய் மிதித்ததில் மண் கரைந்து பைன் வேர்கள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன. முன்பதிவு இலவசம்தான், ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே.

இது வெறும் ஜாக்கிரதை இல்லை. 2025 ஜூலை 8-ஆம் தேதி நகரத்துக்கு வடக்கே பற்றிய தீ, காற்றில் ஓடி மார்சேயின் லெஸ்தாக் பகுதி வரை வந்தது. புகையில் விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. அன்று அங்கே இறங்கவேண்டிய யாரும் "சிறந்த மாதம்" என்ற பட்டியலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காற்றைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது

மாதம் மாதமாகப் பிரித்துப் பேசுவதே மார்சேய்க்குச் சரிப்படாது என்று எனக்குத் தோன்றுவதற்கு மிஸ்ட்ரால் என்ற காற்றுதான் காரணம். அட்லாண்டிக் பக்கம் உயர் அழுத்தமும் ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தமும் அமையும்போது, வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறுபக்கம் நடு பிரான்சின் மேட்டுநிலம் என்று இரண்டுக்கும் நடுவே ரோன் பள்ளத்தாக்கில் நெருக்கப்பட்டு, வேகம் பிடித்துக் கடலில் போய்க் கொட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வீச்சு அங்கே செய்தியே இல்லை. புரோவான்ஸ் கிராமத்து வீடுகள் வடக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதும், சர்ச் மணிக்கூண்டுகள் கல்லுக்குப் பதிலாக உள்ளே காற்று புகுந்து போகும்படி இரும்புக் கம்பிக் கூடாக இருப்பதும் இதனால்தான். மூன்று நாள் அடிக்கும், இல்லாவிட்டால் ஆறு, இல்லாவிட்டால் ஒன்பது என்று உள்ளூர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு வரவும் வரும், வராமலும் போகும்.

குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதன் ஆட்டம் அதிகம். ஆனால் அது வராத மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூலையில் வந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். கரையோரத்துச் சூடான மேல்மட்டத் தண்ணீரை அது கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். முந்தாநாள் 23 டிகிரி இருந்த கடல் இன்று 16. வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் கொளுத்தும், தண்ணீரில் கால் வைத்தவர்கள் கூச்சலோடு வெளியே ஓடி வருவார்கள். கடலில் குளிக்க உகந்த மாதம் என்று அச்சடித்த தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இதை யார் விளக்குவது. குற்றாலத்துக்கு ஆனி, ஆடியில் போவது மாதிரிதான் இது. மாதம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அருவியில் தண்ணீர் விழுவது மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு எண்ணெய்க் குளியலைத் தங்கும் விடுதிக் குழாயில் முடித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

இப்படியே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது சின்ன அத்தையால்தான். என் மனைவியின் சித்தி; சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளுக்கு ஜெனீவாவில் ஜனவரியில் குழந்தை பிறந்தது. நம் பெற்றோர்கள் ஐரோப்பாவுக்கு வரும் மாதத்தைப் பெரும்பாலும் பிரசவங்கள்தான் முடிவு செய்கின்றன. தொண்ணூறு நாள் விசா, அதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பத்தியச் சாப்பாடு போட்டு முடித்துக் கிளம்ப வேண்டும். நடுவில் சில நாட்கள் எங்களோடு இருக்க வந்தார். பிப்ரவரி நடு. லியோனில் நாள் கணக்காகச் சாம்பல் நிற மூடுபனி. "இந்த ஊர்ல சூரியன் எப்பதான் உதிக்கும்?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டார். சரி, தெற்கே போவோம் என்று ரயில் ஏறினோம்.

நாற்காலி

சேன் ஷார்ல் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு, கீழே நகரம், எதிரே குன்றின் மேல் தங்க மாதா. படிக்கட்டின் அடியில் இரண்டு பக்கமும் பெண் சிலைகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்று ஆப்பிரிக்கக் காலனிகள், இன்னொன்று ஆசியக் காலனிகள். பாண்டிச்சேரியும் அந்த இரண்டாவது அம்மாவின் கணக்கில்தான் சேரும். அதையெல்லாம் விளக்கிச் சொல்ல விடவில்லை காற்று. மிஸ்ட்ரால் அடித்துக்கொண்டிருந்தது. புடவையின் மேல் கோட்டு, கோட்டின் மேல் சால்வை, தலைக்கு மகளின் கம்பளிக் குல்லாய் என்று இருந்த அத்தை கைப்பிடியை விடாமல் இறங்கினார். ஃப்ரியூல் தீவுகளுக்குப் படகில் போவதாக இருந்தோம். பழைய துறைமுகத்தில் போய்க் கேட்டால், காற்றினால், வழியில் ஒரு தீவில் இருக்கும் ஷத்தோ தீஃப் கோட்டையில் அன்று படகு நிற்காது என்றார்கள். துறைமுகத்தின் கிழக்குக் கரையில், காலையில் மீன் விற்கும் இடத்தில், நிற்க முடியவில்லை. பாய்மரக் கம்பங்களெல்லாம் ஒன்றோடொன்று மோதி ஊளையிட்டன. "திரும்பிடலாமா மாப்பிள்ளை?" என்றார்.

வடகரைப் பக்கம் திரும்பினோம். நகராட்சி மாளிகை இருக்கும் பக்கம் அது. பத்திருபது அடி நடந்திருப்போம், காற்று நின்றுவிட்டது. நிஜமாகவே, யாரோ சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அந்தக் கரை தெற்குப் பார்த்தது. பின்னால் பனியே மேடும், அதன் முன்னால் நெடுக ஏழெட்டு மாடிக் கல் கட்டடங்களும் வடமேற்குக் காற்றை மறைத்துக்கொள்கின்றன. அந்தக் கட்டடங்களுக்கு வேறொரு கதை உண்டு. 1943 ஜனவரியில் ஜெர்மானியர்களும் பிரெஞ்சுப் போலீசும் சேர்ந்து அங்கிருந்த ஆயிரக்கணக்கானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பிப்ரவரியில் அந்தப் பழைய குடியிருப்பையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். போருக்குப் பிறகு ஃபெர்னான் புய்யோன் முதலிய கட்டடக் கலைஞர்கள் கட்டியதுதான் இப்போது நிற்கும் வரிசை. கீழ்த்தளத்தில் காபிக்கடைகள், நடைபாதையில் நாற்காலிகள், அவற்றில் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காயும் கிழவர்கள்.

அத்தை பழக்கத்தின்படி நேராகப் போய்ச் சுவரோரம் நிழலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது வருடப் பழக்கம். பேருந்து நிறுத்தத்தில் கம்பத்தின் நிழலிலாவது ஒதுங்கி நிற்கிறவர்கள் நாம். காபி வந்தது. கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் தூக்கி, வெயிலில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றினார். சால்வையையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நிழல் நகர நகர அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். எங்களுக்கு இன்னொரு காபி வந்தது, பிறகு சாப்பாட்டு நேரமும் வந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. "நம்ம ஊர்ல இந்நேரத்துக்குக் குடையில்லாம வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றார். பிறகு வானத்தை நிதானமாகப் பார்த்து, "ஆனா இந்த வெயில்ல வடாம் காயாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒரு சென்னைக்காரர் வெயிலைத் தேடிப் போய் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வடாம் காயாத வெயில் என்பதற்கு விளக்கம் கடினமில்லை. சென்னையில் டிசம்பர் மாதத்தில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். மற்ற மாதங்களில் அதற்கும் மேலே, உச்சந்தலையை நோக்கித்தான். மார்சேயில் பிப்ரவரி நடுவில் அது 34 டிகிரியைத் தாண்டுவதில்லை. மண்டையில் இறங்காமல் பக்கவாட்டில் முகத்திலும் மார்பிலும் படுகிறது. நிழலில் 11, 12 டிகிரிதான், அதனால் வெயிலுக்கு ஒரு வேலை இருக்கிறது. மிஸ்ட்ரால் மேகத்தையும் தூசியையும் துடைத்தெடுத்துவிடுவதால் வெளிச்சம் அவ்வளவு துல்லியம். வெப்பம் இல்லாத வெளிச்சம் நம் ஊரில் எந்த மாதத்திலும் கிடைக்காத பண்டம். வடக்கத்தி ஐரோப்பியர்கள் வெப்பத்தை வாங்க இங்கே வருகிறார்கள். நமக்கு வாங்க வேண்டியது இதுதான். அன்று மாலை காற்று ஓய்ந்தபின் நோத்ர் தாம் த லா கார்த் குன்றுக்குப் பேருந்தில் ஏறினோம். சுமார் 150 மீட்டர் உயரம். தீவுகளின் பாறை மடிப்புகளைத் தனித்தனியாக எண்ணலாம்போல் இருந்தது. பிப்ரவரி 10-ஐ ஒட்டியும் அக்டோபர் கடைசியிலும் வானம் இப்படித் தெளிவாக அமைந்துவிட்டால், இங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் பிரனே (பைரனீஸ்) மலையில் இருக்கும் கனிகூ சிகரம், மறையும் சூரிய வட்டத்துக்குள் கறுப்பு நிழலாகத் தெரியும். 1808-லேயே ஃபோன் ஸாக் என்ற வானியலாளர் பார்த்துக் குறித்திருக்கிறார். நாங்கள் சில நாள் தாமதம். அத்தைக்கு அதில் வருத்தமில்லை, குன்றின் மேலும் மேற்குப் பார்த்த பெஞ்சாகத் தேடித்தான் உட்கார்ந்தார்.

அதற்காகப் பிப்ரவரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேனா

சொல்ல மாட்டேன். பிப்ரவரி நடுவில் ஆறேகாலுக்கு இருட்டிவிடும். கடல் 13 டிகிரி. குளிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நம்மவர்களில் பெரும்பாலோர் கடல் என்றால் கணுக்கால் நனைத்துக்கொண்டு கையில் செருப்போடு நிற்பவர்கள்தான், அதனால் இது பெரிய இழப்பில்லை என்பது வேறு. மிஸ்ட்ரால் நாலு நாள் தொடர்ந்து அடித்தால் எவ்வளவு வடகரை வெயிலும் காப்பாற்றாது. அந்தக் காற்றில் எட்டு டிகிரி என்பது எலும்புக்குள் போகும். படகுகள் குறைவு. மாலையில் கடற்கரைப் பகுதிகள் வெறிச்சோடிவிடும். ஆனால் கலாங்க் பாதைகள் திறந்திருக்கும், முன்பதிவு கிடையாது, ஓட்டல் வாடகை கோடையை விடக் கணிசமாகக் குறைவு. மாதத் தொடக்கத்தில் வந்தால் பிப்ரவரி 2-ஆம் தேதி விடியுமுன் சேன் விக்தோர் மடாலயத்தின் கறுப்பு மாதாவைப் பச்சை ஆடையில் ஊர்வலமாகக் கொண்டுவருவதைப் பார்க்கலாம். கையில் பச்சை மெழுகுவத்தி, பிறகு பக்கத்தில் 1781-லிருந்து இயங்கும் அடுமனையில் ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும் படகு வடிவ நவெத் பிஸ்கோத்து. பல்லுக்குச் சவால்தான், காபியில் முக்கிச் சாப்பிடவும். பக்கத்து ஊரான காரி லெ ரூவேயில் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமைகளில் கடல்முள்ளி விருந்து நடக்கும். அத்தை சைவம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அக்டோபரைப் பற்றிப் பட்டியல்கள் காட்டும் ஆர்வம்தான் எனக்குப் புரியாதது. மத்தியதரைக் கடற்கரை கோடையில் வறண்டு கிடக்கும், ஜூலையில் மார்சேய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. மழை வருவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. சென்னைக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை: கோடை முழுக்கச் சூடேறிய கடல், அதன்மேல் வந்து கலக்கும் காற்று, சில மணி நேரத்தில் பல வார மழை. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வாலென்சியாவுக்கு அருகே டூரிஸ் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 770 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லா அக்டோபரும் அப்படி இல்லை, நல்ல அக்டோபர் என்றால் அதற்கு ஈடில்லை, கடலும் இன்னும் 19, 20 டிகிரியில் இருக்கும். ஆனால் மூன்று மாதம் முன்னால் டிக்கெட் போடுகிறவருக்கு அது சூதாட்டம். வயதானவர்களோடு வருபவர்களுக்கு நான் அக்டோபரைச் சொல்வதில்லை.

இந்த முறை வரக் கேட்டிருக்கும் என் மச்சான் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசங்களுக்கு லீவு மே மாசம்தான்" என்றார். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய உள்ள நம் பள்ளி விடுமுறை அந்தப் பட்டியல்களின் மே மாதத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை நான் மறுக்க முடியாது. எதிர்த்துப் பேச எனக்கும் ஆசைதான், வழியில்லை. மே நல்ல மாதம். காட்டுத்தீக் கட்டுப்பாடு இன்னும் தொடங்கியிருக்காது, 22, 23 டிகிரி, எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம். மே 1, மே 8, அசென்ஷன் வியாழன் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை வரிசையாக வரும். நடுவில் ஒரு வேலைநாளையும் இழுத்துப்போட்டுக்கொண்டு மொத்த நாடும் தெற்கே கிளம்பும். அந்த நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்து மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். கடல் 17 டிகிரி இருக்கும். பிள்ளைகள் இறங்குவார்கள், அவர் இறங்க மாட்டார். வரும் நாட்களில் ஒரு நாளை எதற்கும் முன்பதிவு செய்யாமல் காலியாக வைக்கச் சொன்னேன். மிஸ்ட்ரால் வந்தால் அன்று படகை மறந்துவிட்டு, சேன் ஷார்லில் மிராமா போகும் கடலோர ரயிலில் ஏறிவிடலாம். லெஸ்தாக் தாண்டியதும் சுரங்கமும் பாலமுமாக மாறி மாறி வரும், கடல் முழுக்க இடது பக்கம். காற்று அடிக்கும் நாளில் வெள்ளை நுரையோடு அதுவே ஒரு காட்சி. "அப்ப இடது பக்கம் நாலு ஜன்னல் சீட்டா புக் பண்ணிடுங்க" என்றார். அது நம்பர் இல்லாத பாசஞ்சர் வண்டி, முதலில் ஏறுகிறவருக்குத்தான் ஜன்னல் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.